பழைய கம்ப்யூட்டருக்கு மதர்போர்டு தேடுகிறீர்களா?

கடந்த ஐப்பசியில் ஒரு நாள் காலை என் மாமா திருவாரூரிலிருந்து போன் செய்தார். அங்கே அவர் டிடிபி சென்டர் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் எல்லாம் டைப் செய்து பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது தொழில்.

"மாப்ளே, ராத்திரி பூரா இடி. காலையில கம்ப்யூட்டர் ஆன் ஆகல. கார்த்திகை முகூர்த்தத்துக்கு ஏழு பத்திரிகை அதுக்குள்ளதான் கிடக்கு. இதுல ரெண்டு பேர் புரூஃப் பாத்து ஓகே பண்ணிட்டாங்க" என்றார்.

2013ல் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர் அது. "பழசுதானே மாமா, புதுசு ஒண்ணு வாங்கிடுங்க" என்று நான் சொன்னேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். அவர் பயன்படுத்துவது பேஜ்மேக்கர். தமிழ் எழுத்துருக்கள் யூனிகோட் வருவதற்கு முந்தைய காலத்தவை. பிரிண்டருக்கு 32 பிட் விண்டோஸ் 7 வரைதான் டிரைவர் உண்டு. 2017ல் வந்த 7-ம் தலைமுறையிலிருந்து இன்டெல் பிராசசர்களுக்கு விண்டோஸ் 7ஐ மைக்ரோசாஃப்ட் ஆதரிக்கவில்லை. ஆக, புதிய கம்ப்யூட்டர் என்றால் அதோடு புதிய விண்டோஸ், புதிய பிரிண்டர், புதிய எழுத்துரு, புதிய கீபோர்டு பழக்கம் எல்லாம் சேர்ந்து வரும். சீசன் நேரத்தில் அது நடக்காத காரியம்.

பழைய கம்ப்யூட்டருக்கு வேறு மதர்போர்டு தேடுவது சிக்கனத்துக்காக மட்டும் அல்ல. பல நேரங்களில் அந்தக் கம்ப்யூட்டர் செய்து வந்த வேலையைக் காப்பாற்றுவதற்காக. நான் சாப்ட்வேர் எஞ்சினியர்தான். ஆனாலும் இந்தத் தேடலில் ஒரு தவறு செய்து இரண்டு நாளை வீணாக்கினேன். அந்தத் தவறை நீங்கள் செய்யாமல் இருக்க இந்தக் கட்டுரை உதவும்.

முதலில் ஹார்ட் டிஸ்க்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர், மதர்போர்டு போனால் பைல்களும் போய்விட்டன என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. கேபினட்டைத் திறந்தால் பக்கவாட்டில் பெரிதாக ஒரு பச்சை, நீலம் அல்லது கறுப்பு நிறப் பலகை தெரியும். அதுதான் மதர்போர்டு. பிராசசர், ராம், ஹார்ட் டிஸ்க், கீபோர்டு, மவுஸ் எல்லாம் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வது இதன் வழியாகத்தான். உங்கள் பைல்கள் இருப்பதோ ஹார்ட் டிஸ்க்கில். அது தனிப் பெட்டி. இரண்டு கேபிள்களைக் கழற்றினால் கையில் வந்துவிடும்.

சனிக்கிழமை திருவாரூர் போனதும் நான் செய்த முதல் வேலை அதுதான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா டிஸ்க்கை யூஎஸ்பியில் இணைக்கும் அடாப்டர் ஒன்றின் மூலம் என் லேப்டாப்பில் மாட்டி, எல்லா பைல்களையும் நகல் எடுத்தேன். டிஸ்க் நன்றாக இருந்தது. ஏழு பத்திரிகைகளும், பத்து வருஷத்துப் பழைய வேலைகளும் கிடைத்தன. மாமா முகத்தில் அப்போதுதான் ரத்தம் வந்தது. எந்த ரிப்பேரானாலும் இந்த வேலையை முதலில் முடித்துவிடுங்கள். கடைக்குக் கொடுப்பதாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொண்டு கொடுங்கள்.

(உங்கள் கம்ப்யூட்டர் புதிதாக இருந்து, டிரைவை பிட்லாக்கர் பூட்டியிருந்தால், வேறு கம்ப்யூட்டரிலோ வேறு மதர்போர்டிலோ மாட்டும்போது ரெக்கவரி கீ கேட்கும். அந்த 48 இலக்க எண்ணை இப்போதே எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.)

பழுது மதர்போர்டில்தானா?

கம்ப்யூட்டர் ஆன் ஆகாவிட்டால் உடனே மதர்போர்டைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது. அதைவிட மலிவான பொருள்கள் பல இதே அறிகுறியைக் காட்டும்.

பவர் சப்ளைப் பெட்டியான எஸ்எம்பிஎஸ் முதல் சந்தேகம். வேறொரு கம்ப்யூட்டரில் நன்றாக ஓடும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கொண்டுவந்து மாட்டிப் பார்ப்பதே சரியான சோதனை. எந்தக் காரணத்துக்காகவும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும்.

அடுத்தது ராம். பேன் ஓடுகிறது, டிஸ்பிளே மட்டும் வரவில்லை என்றால் ராமைக் கழற்றி, அதன் பொன்னிறக் கோடுகளை அழிரப்பரால் மெல்லத் துடைத்து, தூசி போக ஊதி, மறுபடி மாட்டுங்கள். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள்.

மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு மாதிரி வட்டமாக இருக்கும் சிமாஸ் பேட்டரியையும் பாருங்கள். சிஆர் 2032 என்று அதன் மேல் எழுதியிருக்கும், 3 வோல்ட். இது தீர்ந்தால் தேதியும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். சில போர்டுகள் ஆன் ஆகவே அடம் பிடிக்கும்.

மாமாவின் கம்ப்யூட்டரில் பவர் பட்டனை அழுத்தினால் பேன் அரை சுற்று சுற்றி நின்றது. பக்கத்துக் கடையில் எஸ்எம்பிஎஸ் கடன் வாங்கி மாட்டினேன். அதே அரை சுற்று. ராம், டிஸ்க், டிவிடி டிரைவ் எல்லாவற்றையும் கழற்றினேன். அப்போதும் அப்படியே. பிறகு டார்ச் அடித்துப் பார்த்தபோது, நெட்வொர்க் கேபிள் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த சிறிய சிப்பின் மேல் ஒரு கரும்புள்ளி, நடுவில் வெடித்திருந்தது.

"இடி இடிச்சப்போ ப்ளக்கைப் புடுங்கிட்டேனே மாப்ளே" என்றார் மாமா. கரண்ட் ப்ளக்கைத்தான் பிடுங்கியிருந்தார். பிராட்பேண்ட் மோடத்திலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கவில்லை. போன் லைனில் விழும் மின்னல் மோடத்துக்கு வந்து, அங்கிருந்து நெட்வொர்க் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் போகும். டெல்டாவில் மழைக்காலத்தில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடி கேட்டால் இரண்டையும் பிடுங்க வேண்டும்.

மதர்போர்டு போனதற்கு வேறு அடையாளங்களும் உண்டு. போர்டில் சின்ன டிரம் மாதிரி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் ஏதாவது கசிந்திருந்தாலோ அவை கெட்டுவிட்டன. 2000களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் இது பெரிய தொல்லையாக இருந்தது. பின்னால் வந்த போர்டுகளில் உலோகத் தலையுடைய சாலிட் கெப்பாசிட்டர் வந்ததால் குறைந்துவிட்டது.

எதை வைத்துத் தேடுவது?

பழைய மதர்போர்டின் மாடல் பெயர் போர்டின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். ராமுக்கும் பிராசசருக்கும் அருகில் அல்லது நடுவில் பாருங்கள். பக்கத்தில் ரிவிஷன் எண்ணும் இருக்கும். இரண்டையும் மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் சிபியு-இசட் என்ற இலவச புரோகிராமில் மெயின்போர்டு என்ற பிரிவைத் திறந்தால் எல்லா விவரமும் வரும். உங்கள் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே இதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

அதே மாடல் கிடைத்தால் யோசனையே வேண்டாம். ஆனால் பத்து வருஷப் பழைய மாடல் அப்படியே கிடைப்பது அபூர்வம். எனவே நீங்கள் எதை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். பிராசசரும் ராமும் பழையவை. அவை இரண்டும் எந்தப் போர்டில் உட்காருமோ அதுதான் உங்களுக்கான போர்டு.

பிராசசரைப் பார்ப்போம். மாமாவுடையது இன்டெல் கோர் ஐ5-3470. கோட்டுக்குப் பின்னால் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இலக்கம் 3. அதாவது இது 3-ம் தலைமுறை, 2012ல் வந்தது. இது உட்காரும் சாக்கெட்டுக்கு எல்ஜிஏ 1155 என்று பெயர். அந்த எண் வேறொன்றுமில்லை, சாக்கெட்டில் உள்ள பின்களின் எண்ணிக்கை. இன்டெல் சில வருஷங்களுக்கு ஒரு முறை சாக்கெட்டை மாற்றிவிடும். 2004ல் 775, அது பென்டியம் 4லிருந்து கோர் 2 டுயோ, கோர் 2 குவாட் வரை ஓடியது. 2009ல் 1156. 2011ல் 1155. 2013ல் 1150. 2015ல் 1151. 2020ல் 1200. 2021ல் 1700. 1156க்கும் 1155க்கும் ஒரே ஒரு பின்தான் வித்தியாசம் என்று நினைத்து அழுத்தினால் சாக்கெட் போய்விடும். ஏஎம்டி பிராசசராக இருந்தால் ஏஎம்2, ஏஎம்3, ஏஎம்3 பிளஸ், ஏஎம்4 என்று வரிசை போகும்.

ஆனால் சாக்கெட் பொருந்துவது மட்டும் போதாது. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். அதைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன்.

ராம் விஷயத்தில் டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 ஆகியவை ஒன்றுக்கொன்று மாற்றாக ஆகாது. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்கள்தான். பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். மாமாவிடம் இருந்தவை டிடிஆர்3, 2 ஜிபி வீதம் இரண்டு. கோர் 2 டுயோ வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஜி41 என்ற ஒரே சிப்செட்டில் டிடிஆர்2 போர்டும் உண்டு, டிடிஆர்3 போர்டும் உண்டு. "ஜி41 போர்டு இருக்கு" என்று கடைக்காரர் சொன்னால், எந்த ராம் என்று கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

அளவு பெரிய பிரச்னை இல்லை. ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர். மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244 அல்லது அதைவிடச் சிறியது. பெரிய கேபினட்டில் சிறிய போர்டு உட்காரும். சிறிய கேபினட்டில் பெரிய போர்டு உட்காராது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 24 பின் கேபிளும், பிராசசருக்கான 4 பின் கேபிளும் போர்டில் சேருகின்றனவா என்று பாருங்கள்.

இதெல்லாம் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டருக்கு. டெல், எச்பி, லெனோவா போன்ற கம்பெனிகளின் அலுவலகக் கம்ப்யூட்டரைப் பழையதாக வாங்கியிருந்தால் கதை வேறு. அவற்றில் பல மாடல்களில் 24 பின்னுக்குப் பதிலாக 6, 8 அல்லது 14 பின் உள்ள சொந்த பவர் கனெக்டர் இருக்கும். பவர் பட்டனின் வயரும், ஸ்குரு ஓட்டைகளும்கூட வேறு மாதிரி இருக்கலாம். கடையில் கிடைக்கும் பொதுவான போர்டு இதில் சேராது. அதே மாடல் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய போர்டைத்தான் தேட வேண்டும். அல்லது அதே மாடல் கம்ப்யூட்டர் ஒன்றைப் பழையதாக வாங்கி, உங்கள் டிஸ்க்கை அதில் மாட்டிவிடலாம். என்னைக் கேட்டால் இரண்டாவதே தொந்தரவு குறைவு.

எங்கே கிடைக்கும்?

இன்டெல் இந்தப் பழைய சிப்செட்களைச் செய்வதை நிறுத்திப் பல வருஷங்கள் ஆகின்றன. ஆனாலும் 1155 சாக்கெட்டுக்கு எச்61 என்ற சிப்செட்டுடன் பெட்டியில் புதிதாகவே போர்டுகள் கிடைக்கின்றன. பழைய போர்டுகளிலிருந்து எடுத்த சிப்செட்டை வைத்துப் புதிதாகச் செய்தவையும் இவற்றில் உண்டு. மோசம் என்று ஒதுக்க வேண்டியதில்லை; பில், வாரண்டி இரண்டும் இருந்தால் வாங்கலாம். இவற்றில் பயாஸ் அப்டேட் கிடைப்பது கடினம் என்பது குறை. கழற்றிய பழைய போர்டு பெரிய கம்பெனியுடையதாக இருந்தால், அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் பயாஸ், டிரைவர் எல்லாம் பெரும்பாலும் இன்னும் இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காக நான் பழைய போர்டு பக்கம் சாய்ந்தேன்.

சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவைச் சொல்லத் தேவையில்லை. பெங்களூரில் எஸ்பி ரோடு, மும்பையில் லாமிங்டன் ரோடு, டெல்லியில் நேரு பிளேஸ். மற்ற ஊர்களில் இருப்பவர்கள் உள்ளூர் சர்வீஸ் கடையில் முதலில் கேளுங்கள். மானிட்டர் போனது, கேபினட் உடைந்தது என்று விட்டுப்போன கம்ப்யூட்டர்கள் அங்கே மூலையில் அடுக்கியிருக்கும்.

பழைய போர்டை வாங்கும்போது முதலில் சாக்கெட்டைப் பாருங்கள். இன்டெல்லின் எல்ஜிஏ சாக்கெட்டில் பின்கள் பிராசசரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. தலைமுடி மாதிரி மெல்லியவை. மொபைல் கேமராவில் பெரிதாக்கி, சாய்வாக வைத்துப் பாருங்கள். நாற்று நட்ட வயல் போல வரிசை ஒழுங்காகத் தெரிய வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் வெளிச்சம் மாறித் தெரிந்தால் அங்கே பின் வளைந்திருக்கிறது. அந்தப் போர்டு வேண்டாம். பிறகு ராம் ஸ்லாட் இரண்டிலும் ராமை மாட்டி டிஸ்பிளே வருகிறதா, எல்லா யூஎஸ்பியும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பின்பக்கத் தகடும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு போர்டுக்கும் அந்தத் தகட்டில் ஓட்டைகள் வேறு.

சாக்கெட் ஒன்றுதான், ஆனால் டிஸ்பிளே இல்லை

மாமாவின் கேபினட்டை ரயிலில் சென்னைக்கு எடுத்து வந்துவிட்டேன். திங்கட்கிழமை ஆபீஸ் முடிந்து நேரே ரிச்சி தெரு போனேன். எச்61 போர்டு, 1155 சாக்கெட், டிடிஆர்3. எல்லாம் பொருந்தியது. கடைக்காரர் தன்னிடம் இருந்த பிராசசரையும் ராமையும் போட்டு டிஸ்பிளே காட்டினார். பின்கள் ஒழுங்காக இருந்தன. 1,700 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன்.

அறையில் மாட்டினேன். பேன் ஓடியது. மானிட்டர் கறுப்பு. ராமைத் துடைத்தேன், மாற்றி மாற்றி மாட்டினேன், சிமாஸ் பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். நள்ளிரவு வரை அதே கறுப்பு. ஒருவேளை மின்னலில் பிராசசரும் போய்விட்டதோ என்று வயிற்றைக் கலக்கியது.

காரணம் மறுநாள் அந்தப் போர்டின் கம்பெனி இணையதளத்தைப் பார்த்தபோது தெரிந்தது. எச்61 போர்டுகள் 2011ல் வந்தவை. அப்போது இருந்தவை 2-ம் தலைமுறை பிராசசர்கள். 3-ம் தலைமுறை வந்தது 2012 ஏப்ரலில். சாக்கெட் அதே 1155தான். ஆனால் போர்டில் உள்ள பயாஸ் என்ற புரோகிராமுக்கு அந்தப் புதிய பிராசசரை அடையாளம் தெரிந்தால்தான் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும். நான் வாங்கிய போர்டில் இருந்தது 2011ன் பயாஸ். கடைக்காரர் போட்டுக் காட்டியது 2-ம் தலைமுறை ஐ3. அதற்கு டிஸ்பிளே வந்தது. என் ஐ5-3470க்கு வரவில்லை. அவரும் பொய் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒவ்வொரு மதர்போர்டு கம்பெனியும் தன் இணையதளத்தில் சிபியு சப்போர்ட் லிஸ்ட் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். மாடல் பெயரைக் கொடுத்தால், அந்தப் போர்டு ஏற்கும் பிராசசர்களும், ஒவ்வொன்றுக்கும் எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து என்பதும் அதில் இருக்கும். கடைக்குப் போகும் முன் அல்லது கடையில் நின்றபடியே மொபைலில் அந்தப் பட்டியலைப் பாருங்கள். அந்த ஒரு நிமிஷத்தை நான் மிச்சப்படுத்தியதுதான் இரண்டு நாளை விழுங்கியது.

சிப்செட்டையும் கவனியுங்கள். கியூ65, கியூ67, பி65 ஆகியவையும் 1155 சாக்கெட்தான். ஆனால் அவற்றில் 3-ம் தலைமுறைக்கு இன்டெல்லின் ஆதரவு கிடையாது. பழைய அலுவலகக் கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய போர்டுகள் பல இந்த வகை. மாறாக பி75, எச்77 போன்றவை 3-ம் தலைமுறையோடு வந்தவை என்பதால் இந்தத் தொல்லையே இல்லை, யூஎஸ்பி 3.0வும் சேர்ந்து வரும். விலை கொஞ்சம் கூடினாலும் கிடைத்தால் பி75ஐ எடுங்கள். 1151 சாக்கெட்டிலும் இதே கண்ணி உண்டு. 6, 7-ம் தலைமுறைக்கான 100, 200 வரிசைப் போர்டுகளில், 2017ல் வந்த 8-ம் தலைமுறை பிராசசர் உட்காரும். ஆனால் வேலை செய்யாது.

செவ்வாய்க்கிழமை மாலை பிராசசரையும் ராமையும் பையில் போட்டுக்கொண்டு மறுபடி கடைக்குப் போனேன். பயாஸ் பைலை பென் டிரைவில் ஏற்றியிருந்தேன். கடையில் இருந்தவர் பழைய ஐ3ஐ மாட்டி, பயாஸுக்குள் நுழைந்து, பென் டிரைவிலிருந்து அப்டேட் செய்தார். பயாஸ் அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் போர்டு செங்கல்லுக்குச் சமம். எனவே யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். சில போர்டுகளில் நடுவில் உள்ள ஒரு பதிப்பை முதலில் போட்டுவிட்டுத்தான் கடைசிப் பதிப்புக்குப் போக வேண்டும். பயாஸ் இருக்கும் பக்கத்திலேயே அந்தக் குறிப்பு இருக்கும். அப்டேட் முடிந்து ஐ5ஐ மாட்டினோம். டிஸ்பிளே வந்தது. பிராசசர் பிழைத்திருந்தது.

போர்டு வாங்கப் போகும்போது உங்கள் பிராசசரையும் ராமையும் கையோடு எடுத்துப் போங்கள். பிராசசரை பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். அடிப்பக்கப் புள்ளிகளில் விரல் படக் கூடாது. அவை இரண்டையும் போட்டு டிஸ்பிளே பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

மாட்டும்போது

பழையதைக் கழற்றும் முன் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுங்கள். முக்கியமாகப் பவர் பட்டன், ரீசெட், எல்இடி வயர்கள் சொருகியிருக்கும் சின்ன பின்களை. புதிய போர்டில் இந்த வரிசை மாறியிருக்கலாம். போர்டிலோ மேனுவலிலோ அச்சாகியிருப்பதைப் பார்த்து மாட்டுங்கள். கேபினட்டில் போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்களை எண்ணுங்கள். புதிய போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் கால் இருந்தால் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அது போர்டின் அடியில் இடித்து ஷார்ட் ஆகும். பிராசசரின் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவுக்குப் புதிதாக வைத்து ஹீட் சிங்க்கை மாட்டுங்கள்.

விண்டோஸ் எழுந்திருக்குமா?

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு கேபினட்டோடு திருவாரூர் போய், ஹார்ட் டிஸ்க்கை மாட்டி ஆன் செய்தேன். விண்டோஸ் 7 சின்னம் தெரிந்தது. உடனே நீலத் திரை. 7பி என்று முடியும் ஓர் எண். மாமா ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கப் போய்விட்டார்.

நல்லவேளையாக இது தெரிந்த நோய்தான். ஹார்ட் டிஸ்க்கோடு போர்டு பேசுவதற்கு ஐடிஇ, ஏஎச்சிஐ என்று இரண்டு முறைகள் உண்டு. 2013ல் விண்டோஸைப் போட்டவர் ஐடிஇ முறையில் போட்டிருக்கிறார். புதிய போர்டின் பயாஸ் ஏஎச்சிஐயில் இருந்தது. பயாஸுக்குள் போய் சாட்டா மோட் என்ற இடத்தில் ஐடிஇ என்று மாற்றி, எப்10 அழுத்திச் சேமித்தேன். விண்டோஸ் எழுந்தது. சிப்செட் அதே எச்61 என்பதால் பெரும்பாலான டிரைவர்கள் தானாகவே அமைந்தன. ஒலிக்கு மட்டும் டிரைவர் ஏற்ற வேண்டியிருந்தது. வேறு சிப்செட் போர்டு வாங்கியிருந்தால் இந்த வேலை கூடியிருக்கும்.

விண்டோஸ் மறுபடி ஆக்டிவேஷன் கேட்டது. மாமாவிடம் இருந்தது தனியாகக் கடையில் வாங்கிய ரீட்டெய்ல் பிரதி. என் மொபைலை யூஎஸ்பியில் இணைத்து, பெட்டியில் இருந்த கீயைக் கொடுத்ததும் ஏற்றுக்கொண்டது. கம்ப்யூட்டரோடு சேர்ந்து வரும் ஓஇஎம் பிரதியின் லைசென்ஸ் அந்தப் பழைய மதர்போர்டோடு கட்டுப்பட்டது. போர்டு மாறினால் ஆக்டிவேஷனில் சிக்கல் வரலாம். வாங்கும் முன் உங்களுடையது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட்டின் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14ஓடு நின்றுவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது இன்டெல்லில் 8-ம் தலைமுறை முதல். ஆகவே நெட் பார்க்க, பாங்க் வேலை செய்யத்தான் கம்ப்யூட்டர் என்றால், 3-ம் தலைமுறை பிராசசருக்குப் போர்டு தேடிப் பணம் செலவழிக்காதீர்கள். லினக்ஸ் போட்டுப் பழகத் தயாராக இருந்தால் சரி. இல்லாவிட்டால் அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பழைய அலுவலகக் கம்ப்யூட்டராகப் பாருங்கள். மாமா மாதிரி ஒரே வேலைக்கு, அதே சாப்ட்வேருக்கு, அதே பிரிண்டருக்கு என்று இருப்பவர்களுக்குத்தான் மேலே சொன்ன பாடெல்லாம்.

அவருடைய கம்ப்யூட்டரை இனி நெட்டில் இணைப்பதில்லை என்று முடிவு செய்தோம். வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதை மொபைலிலிருந்து பென் டிரைவுக்கு மாற்றி, அதை வைரஸ் சோதித்துவிட்டு ஏற்றிக்கொள்கிறார். மின்னல் வந்த அந்த நெட்வொர்க் கேபிளைச் சுருட்டிச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டார். அன்று இரவு பதினொரு மணிக்குள் ஓகே ஆகியிருந்த இரண்டு பத்திரிகைகளையும் பிரிண்ட் எடுத்து முடித்தார். மூன்றாவதில் மணமகன் பெயருக்கு முன்னால் பட்டத்தைப் போடவில்லை என்று பெண் வீட்டார் காலையில் வந்து திருத்தம் சொன்னார்கள். அதையும் மாற்றிக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"மாப்ளே, பழைய போர்டை என்ன பண்றது?"

பிராசசர் கூலரின் கிளிப்பையும் சிமாஸ் பேட்டரியையும் எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதை ஈ-வேஸ்ட் எடுப்பவரிடம் கொடுக்கச் சொன்னேன். குப்பையில் போடக் கூடாது. அதில் ஈயம் முதலான உலோகங்கள் இருக்கின்றன.